ராத்திரி தூங்குனியாம்மா?

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போன் வந்தது. கர்ப்பிணிகளுக்கான மாதக் கூட்டத்தில் இந்த முறை தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறார்களாம். "ரிட்டயர் ஆனவங்க யாராவது வந்து பேசினா நல்லாருக்கும் சிஸ்டர்" என்றார் இப்போது அங்கிருக்கும் நர்ஸ். போனேன். சுவரில் திரை கட்டி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கமாகப் படுங்கள், முழங்காலுக்கு இடையில் தலையணை வையுங்கள், சாயங்காலத்துக்கு மேல் டீ காபி வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிந்ததையே சொன்னேன். முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, ஆன்லைனில் பாம்பு மாதிரி வளைந்த தலையணை ஒன்று வாங்கியிருப்பதாகவும், அதில் தலையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்றே புரியவில்லை என்றும் சொன்னாள். "என் வீட்டுக்காருதான் அதுல நல்லா தூங்குறாரு" என்றாள். கூட்டமே சிரித்தது. அதோடு சுண்டல் வந்துவிட்டது, என் பேச்சும் முடிந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு ஆறவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றும் வாயில் வரவில்லையே என்று இருந்தது. அது மைக்கில் சொல்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பயிற்சியில் எங்களுக்கு வயிற்றைத் தொட்டு மாதம் சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம், எடை, ஊசி, இரும்புச் சத்து மாத்திரை, காலில் வீக்கம், பிரசவ வலியின் போக்கு எல்லாம் கற்றோம். தூக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. கர்ப்பிணி என்றால் தூக்கம் கொஞ்சம் கெடும், பிள்ளை பிறந்தால் இன்னும் கெடும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நோயாளியிடம் கேட்கிற முதல் கேள்வியே தூக்கத்தைப் பற்றியதாக இருந்ததை நான் கண்டது டாக்டர் அருள்மொழியிடம்தான்.

அவர் எங்கள் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தபோது நாற்பதைத் தாண்டியிருப்பார். மெதுவாகப் பேசும் பெண்மணி. கர்ப்பிணிகள் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் வெளியே வரிசை வாசல் தாண்டி நிற்கும். உள்ளே அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன், எதிரில் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்து, "ராத்திரி தூங்குனியாம்மா?" என்பார். எல்லாப் பெண்களும் "தூங்குனேன் மேடம்" என்றுதான் சொல்வார்கள். டாக்டர் கேட்டால் அப்படித்தானே சொல்லத் தோன்றும்? அவர் விடமாட்டார்.

"எங்க படுப்ப?"

"ஊட்லதான் மேடம்."

"ஊட்ல எங்க? பக்கத்துல யாரு? ஃபேன் இருக்குதா? காலைல உன்ன எழுப்புறது யாரு?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். வரிசை நீளுகிறதே என்று எனக்குக் கை பரபரக்கும். ஆனால் அந்தச் சின்ன அமைதியில்தான் பெண்கள் வாயைத் திறப்பார்கள். நெஞ்சு எரிகிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, மாமனார் டிவி போட்டால் அணைப்பதில்லை, மூத்த பிள்ளை வயிற்றின்மேல் காலைப் போடுகிறது என்று ஒவ்வொன்றாக வரும். அளத்துக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்துவிட வேண்டும். உப்பளத்தை எங்கள் பக்கத்தில் அளம் என்றுதான் சொல்வார்கள். மதியம் திரும்பி வந்தாலும் படுக்க முடியாது. பட்டப்பகலில் மருமகள் படுத்துக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

வந்த சில வாரங்களில் டாக்டர் ஒரு கோரைப்பாய் வாங்கி வரச் சொன்னார். பரிசோதனை அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அதை விரித்தார்.

"எதுக்கு மேடம்?" என்றேன்.

"இவங்கள்ல யாரு சிஸ்டர் கட்டில்ல படுக்குறாங்க? படத்துல இருக்குற மாதிரி சொல்லிக் கொடுத்தா வீட்டுக்குப் போய் எப்படிச் செய்வாங்க?"

அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் வீட்டில் படுக்கிற மாதிரி அந்தப் பாயில் படுத்துக் காட்ட வேண்டும். முதலில் வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள். பிறகு படுப்பார்கள். டாக்டர் தானும் கீழே உட்கார்ந்து, பழைய புடவையை உருட்டி முழங்காலுக்கிடையே வைப்பார். இன்னொரு துணியை மடித்து வயிற்றுக்கு அடியில் செருகுவார். நெஞ்செரிச்சல்காரிக்குத் தலைமாட்டை உயர்த்துவார். தரையிலிருந்து எழுந்திருக்கும் முறையையும் காட்டுவார்: பக்கவாட்டில் திரும்பு, கையை ஊன்று, முழங்காலை மடக்கு, அப்புறம் எழு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக எழாதே. பாயைத் தட்டிச் சுருட்டி வைப்பதும் மறுபடி விரிப்பதும் என் வேலை.

அந்தக் கேள்வியால் நடந்த நல்ல காரியங்கள் பல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பர்வீன் என்றொரு பெண். கடைத்தெருப் பக்கத்து வீடு, கணவன் வளைகுடாவில் ஒரு ஓட்டலில் வேலை. கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு வருவாள். எதுவும் சொல்லமாட்டாள். ஒருநாள் டாக்டர் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, "மச்சானுக்கு டூட்டி முடியவே லேட்டாவும் மேடம். அப்புறம்தான் வீடியோ கால் வருவாரு. அதுக்கு முழிச்சிட்டிருப்பேன்" என்றாள். அவனிடம் பேசும்படி டாக்டர் என்னிடம் சொன்னார். அவள் போனிலேயே பேசினேன். பையன் அழாத குறையாக, "அவ முகத்தைப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது சிஸ்டர்" என்றான். காலையில் டூட்டி உண்டா என்று கேட்டேன். இல்லையாம். அப்படியென்றால் நம் ஊர் மதியத்தில் கூப்பிடுங்கள் என்றேன். அடுத்த முறை பர்வீன் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "பேசிட்டே இருந்தேன் சிஸ்டர், அசந்து தூங்கிட்டேன். போனைத் தண்ணி ஜாடியில சாய்ச்சு வச்சிருந்தேன். முழிச்சுப் பாத்தா அவரு கட் பண்ணாமலேயே உக்காந்திருக்காரு. 'நீ தூங்குறத பாத்துட்டிருந்தேன்'னாரு" என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

இனி ரேவதி.

ரேவதி பிரம்மதேசத்துப் பக்கம் பிறந்து, எங்கள் அளத்து ஊர் ஒன்றுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். கணவன் ஏழுமலையும் அவளும் ஒரே அளத்தில் வேலை. வீட்டில் மாமியார் கன்னியம்மா. முதல் பிள்ளை வயிற்றில் மாதம் நெருங்கிய சமயத்தில் அசைவு நின்று போய், இறந்தே பிறந்தது. தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆண்பிள்ளை, தலை நிறைய முடி என்று மட்டும் அவள் சொன்னாள்.

இரண்டாவது முறை வயிற்றில் தங்கி மூன்று மாதம் தாண்டியதும் டாக்டரிடம் அழைத்துவந்தேன். வழக்கமான கேள்வி. வழக்கமான பதில். "சரி, படுத்துக் காட்டும்மா" என்றார் டாக்டர்.

ரேவதி பாயில் உட்கார்ந்தாள். மெதுவாகப் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்படியேவா?"

"ஆமா மேடம்."

"ராத்திரி முழுக்கவா?"

தலையாட்டினாள். டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளைப் போலவே சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ரேவதியே பேசினாள்.

"படுத்தா பொரண்டுருவேன் மேடம். தூக்கத்துல தெரியாது. மொதக் கொழந்தை அப்படித்தான் போச்சு. எழுந்து உக்காந்துதான் அந்தாண்ட பக்கம் திரும்பணுமாம். நான் அப்படியே பொரண்டு பொரண்டு படுத்தேன். கொடி சுத்திக்குச்சு."

"யாரு சொன்னது?"

"அத்தைதான் சொன்னாங்க. எங்கம்மாவும் ஆமான்னாங்க. ஊர்ல எல்லாருமே சொல்றாங்க."

எங்கள் பக்கத்தில் அது ஊரறிந்த நம்பிக்கை. படித்த வீடுகளிலும் சொல்வார்கள். டாக்டர் கோபப்படவில்லை. வயிற்றுக்குள் குழந்தை தண்ணீரில் மிதக்கிறது, அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தன்பாட்டுக்கு இருக்கும், கொடி சுற்றுவதற்கும் நீ புரள்வதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ரேவதி கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

டாக்டர் என்னிடம் இதயத்துடிப்பு கேட்கும் கருவியை எடுத்துவரச் சொன்னார். ரேவதியை இடது பக்கம் படுக்கவைத்து வயிற்றில் வைத்தார். அறை முழுக்கக் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். "கேட்டியா? இப்ப அப்படியே பொரண்டு அந்தப் பக்கம் படு. உக்காராத."

ரேவதியின் கை என் கையைப் பிடித்தது. உப்புப் பட்டுக் காய்த்துப்போன கை. கண்ணை இறுக மூடிக்கொண்டு புரண்டாள். டாக்டர் மறுபடி வைத்தார். அதே குதிரை, அதே ஓட்டம். ரேவதி கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு தபா வைங்க மேடம்."

வைத்தார். இப்படியும் அப்படியுமாக எத்தனை முறை புரண்டாளோ தெரியாது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். டாக்டர் "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி வைத்தார்.

அதன்பிறகு அவள் படுத்துத் தூங்கினாள். ஏழுமலை என்னை வழியில் பார்த்து, "இப்பல்லாம் கொறட்டை வுடுறா நர்சம்மா" என்று சந்தோஷமாகப் புகார் சொன்னான். கோடை போயிற்று. அளத்து வேலையை நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளெல்லாம் தண்ணீரில் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடந்தன. மழைக்காலத்தில் அளத்தில் யாருக்கும் வேலை இருக்காது. ஆண்கள் வீட்டில் சீட்டாடுவார்கள், வலை பின்னுவார்கள்.

அப்போது ஒரு பகலில் ரேவதி வீட்டுக்குப் போனேன். ரத்த அழுத்தம் சரி. வீக்கம் இல்லை. குழந்தை அசைகிறது. ஆனால் முகம் வாடிக் கிடந்தது. "தூங்குனியாம்மா?" என்றேன்.

"எங்க நர்சம்மா. கண்ணே மூட முடியல."

"பழையபடி பயந்துக்குறா" என்றாள் கன்னியம்மா அடுப்படியிலிருந்து. "மாசம் நெருங்குதில்ல, அதான். போன தபா இந்த மாசத்துலதான் அப்படி ஆச்சு."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். ரேவதி வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளங்காலைச் சிமெண்டு விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கே தெரியாமல் தேய்க்கிறாள். பிடித்துப் பார்த்தேன். நகத்தால் சொறிந்து சொறிந்து தோல் சிவந்திருந்தது. உள்ளங்கையும் அப்படியே. கொப்புளமோ தடிப்போ எதுவுமில்லை.

"என்னம்மா இது?"

"உப்பு அரிப்புதான்."

அளத்து ஆட்களுக்குக் கையும் காலும் வெடிப்பதும் அரிப்பதும் சாதாரணம். யாரும் அதை நோயாகவே நினைப்பதில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற ஏழுமலை தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"எனக்கே ஆறிப்போச்சு நர்சம்மா. மழை வந்து எத்தனை நாளாச்சு. இவ அளத்துல கால வச்சு மாசக்கணக்காவுது. இவளுக்கு இன்னும் எப்படி அரிக்கும்?"

"எப்ப அரிக்குது?"

"ராத்திரிலதான். படுத்தா போதும், ஆரம்பிச்சுரும். ஈரத்துணிய காலுக்குச் சுத்திட்டு உக்காந்துக்குறா" என்றான் ஏழுமலையே.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கேட்டார்: "சிஸ்டர், மொதக் கொழந்தைக்கும் இப்படி அரிச்சுதான்னு கேளுங்க."

கேட்டேன். ரேவதி யோசித்தாள். "ஆமா. அப்ப கோடை. அளத்துக்குப் போயிட்டிருந்தேன். உப்புன்னு வுட்டுட்டோம்."

"இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். "துணிமணி எடுத்துக்கச் சொல்லுங்க. அநேகமா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்."

நிலையத்தில் அவளைப் பாயில் உட்காரவைத்து விளக்கினார். சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பித்தநீர் ஈரலிலிருந்து சரியாக வடியாமல் ரத்தத்தில் தங்கும். அரிப்பு அதனால்தான் வரும், ராத்திரியில் அதிகமாகும். அம்மாவுக்குத் தூக்கம்தான் கெடும், குழந்தைக்கு உயிராபத்தே வரலாம். ரத்தம் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மருந்து உண்டு. தேவைப்பட்டால் நாள் நிறையும்வரை காத்திருக்காமல் பிரசவம் பார்த்துவிடுவார்கள்.

ரேவதி பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, "அப்ப மொதக் கொழந்தை?" என்றாள்.

"அதுக்கும் இதுவே காரணமா இருந்திருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது, அன்னைக்கு யாரும் இந்த ரத்தப் பரிசோதனை பண்ணல. ஆனா ஒண்ண உறுதியா சொல்றேன். நீ பொரண்டு படுத்ததால இல்ல."

"நான் பொரண்டு படுத்ததால இல்லையா?"

"இல்லவே இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஏழுமலைதான் திரும்பி நின்று சட்டையால் முகத்தைத் துடைத்தான். கன்னியம்மா கதவோரமாக மடக்கிய குடையோடு நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை கண்ணாடியை அடித்தது. ரேவதி பக்கவாட்டில் படுத்திருந்தாள். கால் மறுபடி அரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், ஒரு பாதத்தை இன்னொன்றால் தேய்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா சட்டென்று மருமகளின் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரேவதி பதறிப்போய், "வேணாம் அத்தை, காலு" என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"சும்மா இரு" என்றாள் கன்னியம்மா. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்து, ஒவ்வொரு பாதமாகத் துடைத்தாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி போகும்வரை துடைத்துக்கொண்டே வந்தாள்.

ரத்தப் பரிசோதனை டாக்டரின் சந்தேகத்தை உறுதி செய்தது. அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தினமும் குழந்தையின் துடிப்பைப் பார்த்தார்கள். அரிப்பு குறைந்ததே தவிர முழுசாக நிற்கவில்லை. எங்கள் டாக்டர் காலையில் நிலையத்துக்கு வந்ததும் முதலில் என்னிடம் கேட்பது, "ரேவதி தூங்குனாளாமா?" என்பதுதான். ஏழுமலைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். பத்தாம் மாதம் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். வலி வருவதற்கு மருந்து கொடுத்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. பாயை விரிக்கவும் சுருட்டவுமாக இருந்தேனே தவிர, என் காது முழுவதும் போனில்தான் இருந்தது. மதியம் அடித்தது. ஏழுமலைக்குப் பேச்சே வரவில்லை. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. போனை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன். அவர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய், "மேடம், எனக்கு ஏதாவது பிரச்னையா?" என்றாள்.

பெண்குழந்தை. எடை கொஞ்சம் குறைவுதான், மற்றபடி குறையொன்றுமில்லை.

மறுநாள் பாண்டிச்சேரி பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். வார்டில் சத்தமும் கூட்டமுமாக இருந்தது. ரேவதி வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கினாள். பக்கத்துக் கட்டில் உறவுக்காரர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவளிடம் ஓர் அசைவில்லை. கன்னியம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தாய்வீட்டு ஆட்கள் பழத்தோடு வந்து எழுப்பப் போனார்கள். "அப்புறம் பாக்கலாம், அப்பிடி ஓரமா உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் குழந்தையோடு எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். தலை நிறைய முடி.

"காத்தால அவகிட்ட சொல்லிட்டேன் நர்சம்மா" என்றாள் கன்னியம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "அன்னைக்கு 'பொரண்டு படுத்ததாலதான்'னு நான் பேசுனது தப்பு. நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"என் கையைப் புடிச்சுக்கினா. 'தூக்கம் வருது அத்தை'ன்னா. அப்பிடியே தூங்கிட்டா."